சர்வருக்கு நல்ல நேரம்

ஜூன் 3, திங்கள்

இன்றைக்கும் அண்ணாச்சி சர்வர் அப்டேட்டுக்குத் தேதி கொடுக்கவில்லை. வைகாசி மாதமாம். முகூர்த்த நேரத்தில் சர்வரை நிறுத்தினால் நாலு வீட்டுக் கல்யாணத்தை நிறுத்திய பாவம் வந்து சேருமாம்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் பந்தக்கால் திருமணத் தகவல் மையம். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டு மாடி. முதல் மாடியில் பெண்கள் காலையிலிருந்து மாலை வரை போனில் வரன் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது மாடியில் ஏ.சி. அறை, அதற்குள் மூன்று சர்வர்கள், அப்புறம் நான். மூன்று லட்சம் பேருடைய ராசி, நட்சத்திரம், உயரம், நிறம், சம்பளம், செல்போன் எண் எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. அவற்றைக் கட்டிக் காப்பது என் வேலை. விசிட்டிங் கார்டில் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று போட்டிருக்கிறது. அம்மா எல்லாரிடமும் "கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்" என்கிறாள். வாட்ச்மேனுக்காவது ஒரு விசில் கொடுப்பார்கள்.

நாங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் அரதப் பழசு. தயாரித்தவர்களே கைகழுவிவிட்டார்கள். அதில் எங்கெங்கே ஓட்டை என்று உலகத்துத் திருடர்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் முதலாளி வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு மட்டும் தெரியாது. நான் விளக்கினால் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியைப் பார்க்கிறார்.

"சுயம்பு, ஆனி பொறக்கட்டும்டே. பாத்துக்கிடலாம்."

பாஸ்வேர்டையாவது மாற்றுங்கள் என்று மன்றாடினேன். மாற்றிவிட்டார். கடைசியில் 123 இருந்த இடத்தில் இப்போது 124.

ஜூன் 6, வியாழன்

பேக்கப் முடிந்தது. ஏ.சி. ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன். எலுமிச்சை சாதம்.

ஜூன் 11, செவ்வாய்

பிரம்மசக்தி டீயோடு மேலே வந்தாள். முதல் மாடிக்கு அவள்தான் பொறுப்பு. சத்தம் போடாமல் முப்பது பெண்களை வேலை வாங்குகிறவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். பகல் முழுவதும் பேசிப் பேசித் தொண்டை காய்ந்ததும் ஏ.சி. காற்றுக்காக என் அறைக்கு வருவாள். ஏ.சி. காற்றுக்காகத்தான்.

அவளுக்கு முப்பத்தொன்று. மூன்று வருஷத்துக்கு முன் அவள் அப்பா எங்கள் இணையதளத்திலேயே அவளைப் பதிந்தார். அவள் இங்கே ஊழியர் என்பதால் கட்டணம் கிடையாது. இதுவரை ஒரு வரன்கூட வரவில்லை.

"மத்தவளுக்கெல்லாம் நான் வரன் பாத்துக் குடுக்கேன். எனக்கு ஒரு மிஸ்டு கால்கூட வரமாட்டேங்கு. அப்பா ஏதோ தோஷம்னு சொல்லுதாவ. நீங்க என்ன சொல்லுதீய சார்?"

"தோஷமாவது ஒண்ணாவது. எல்லாம் புளுகு" என்றேன். நான் பகுத்தறிவு உள்ளவன்.

உண்மையில் அவளுக்குத் தோஷம் எதுவும் இல்லை. சர்வரில் அவள் பதிவுக்கென்று நான் ஒரு சின்னக் கட்டளை எழுதி வைத்திருக்கிறேன். யார் தேடினாலும் அந்த ஒரு பதிவைத் தாண்டிப் போய்விடும். அவளோ அவள் அப்பாவோ உள்ளே நுழைந்து பார்த்தால் புகைப்படம், ஜாதகம் எல்லாம் கன கச்சிதமாகத் தெரியும். இது பாதுகாப்பு ஏற்பாடுதான். எங்கள் தளத்தில் உலவும் மாப்பிள்ளைகளின் லட்சணத்தை முழுதாக அறிந்தவன் நான் ஒருவன். எம்.பி.ஏ. என்று போட்டவன் எட்டாம் வகுப்பு. ஒருவன் ஒரே போட்டோவை நான்கு பெயர்களில் ஏற்றியிருக்கிறான். இவர்கள் கண்ணில் அவளைக் காட்டவா? தகுந்த ஆள் வரும்போது எடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன்.

முடி வெட்டிக்கொண்டேன். பாதித் தலை வழுக்கைக்கும் கடைக்காரர் முழுக் காசு வாங்கினார். அது நியாயமில்லை.

ஜூன் 17, திங்கள்

ஆனி பிறந்துவிட்டது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன்.

"ஆனியிலயும் முகூர்த்தம் கெடக்குலாடே. ஆடி வரட்டும். எவனும் கல்யாணம் பேசமாட்டான். சர்வரு சும்மாதான் கெடக்கும்."

"அப்போ ஆடியில பண்ணிரலாமா அண்ணாச்சி?"

அவர் நாள்காட்டியில் ஒரு மாதத்தைத் தள்ளிப் பார்த்தார். "ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கப்படாதே" என்றார்.

மேலே வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆவணியில் முகூர்த்தம். புரட்டாசியில் ஆகாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மறுபடி முகூர்த்தம். மார்கழி சாமிக்குப் போய்விடும். தை பிறந்தால் கேட்கவே வேண்டாம். மீதி நாட்களை அஷ்டமியும் நவமியும் கரிநாளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தமிழ்ப் பஞ்சாங்கப்படி ஒரு சர்வரை அப்டேட் செய்ய மனுஷ ஜென்மத்தில் முடியாது. இந்த மூடநம்பிக்கைக்கு நடுவில் நான் ஒருவன் விஞ்ஞானத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

பக்கத்து மாவட்டத்தில் எங்களைப் போலவே ஒரு கல்யாணத் தகவல் மையம். அவர்கள் சர்வரில் யாரோ புகுந்து பெண்களின் போன் எண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். கண்டவனெல்லாம் நள்ளிரவில் கூப்பிடுகிறானாம். பெண்ணைப் பெற்றவர்கள் திரண்டு போய்க் கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி வியர்த்து விறுவிறுத்து மாடியேறி வந்தார். இந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. வாளியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எப்பம்டே அப்டேட்டு?"

"நீங்கதான் அண்ணாச்சி நாள் சொல்லணும்."

"நாளென்ன நாளு! ஒடனே பண்ணு. ஒத்தாசைக்கு மேலப்பாளையம் பாய் ஒருத்தரு வாறாரு. இதையெல்லாம் மெட்ராஸ்ல கரைச்சுக் குடிச்சவராம்."

ஜெயித்துவிட்டேன். இத்தனை வருஷம் கத்தியதற்கு, திருடன் ஒருவன் வந்து எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

ஜூலை 8, திங்கள்

தௌஃபீக் வந்து சேர்ந்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவன். மனைவிக்குப் பிரசவ நேரம் என்று சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறான். சர்வரை அப்படியே நகல் எடுத்து, நகலில் புதுப் பதிப்பை ஏற்றிப் பார்ப்போம், எல்லாம் சரியாக ஓடினால் அசலில் கைவைப்போம் என்றான். முறையான வேலைக்காரன்தான்.

"அண்ணே, இதுல நீங்க கையால எழுதி வச்ச கட்டளை ஏதாச்சும் இருக்கா? பழைய பாணியில எழுதுனத புதுசு ஏத்துக்கிடாது. சத்தமில்லாம விட்டுட்டுப் போயிரும். பொறவு அது அங்க இல்ல, இது இங்க இல்லன்னு நாமதான் தேடணும்."

"அப்படி ஒண்ணும் இல்ல பாய்."

"சும்மா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லன்னு சொல்லுதேன்லா."

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சாம்பாரில் உப்பு அதிகம்.

ஜூலை 10, புதன்

அண்ணாச்சியிடம் போய், இன்னும் ஒரு வாரத்தில் ஆடி பிறக்கிறது என்று நினைவுபடுத்தினேன்.

"பொறந்தா பொறக்கட்டும்."

"ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கப்படாதுன்னு நீங்கதான..."

"அடப் போடே! ஆடியிலதான கீழ ஜவுளிக்கடைக்காரன் தள்ளுபடி போட்டுக் கூட்டத்த அள்ளுதான். அவனுக்கு ஆகுறது நமக்கு ஆகாதா?"

முதுகெலும்பில்லாத மனுஷன். ஒரு கொள்கை என்று வைத்தால் அதில் நிற்க வேண்டாமா?

ஜூலை 12, வெள்ளி

தௌஃபீக் பத்தரை மணிக்கு நகல் எடுக்க உட்கார்ந்தான். ராகு காலம் பன்னிரண்டு வரைக்கும் என்று எடுத்துச் சொன்னேன். அதற்குமேல் ஜும்மா தொழுகைக்குப் போகணும் என்று கிளம்பிவிட்டான். வந்த பிறகு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். ஒரு நாளைக் கடத்தியாயிற்று.

சின்னப் பஞ்சாங்கம் ஒன்று வாங்கியிருக்கிறேன். அலுவலக உபயோகத்துக்கு.

ஜூலை 16, செவ்வாய்

பிரம்மசக்தி இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். இன்று வந்தவளுக்கு முகமே சரியில்லை. அவள் அப்பா சிவனணைஞ்ச பெருமாள், மகளுக்கு வரன் அமையவேண்டி திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு நடந்தே போயிருக்கிறார். சர்க்கரை வியாதிக்காரர். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்; உடைந்து சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றுதான் வீட்டுக்குக் கூட்டி வந்தார்களாம்.

"எல்லாரும் இருக்கும்போதே எங்க அத்தை, இவ ராசியில்லாதவன்னு சொல்லுதா சார். அப்பா காதுல விழுது. எனக்குக் கல்யாணம் ஆகாட்டாகூடப் பரவாயில்ல. இந்தப் பேச்சு நின்னா போதும்."

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. "அத்தை கெடக்கா, விடுங்க" என்றேன்.

அவள் இறங்கிப் போனதும் அந்தக் கட்டளையைத் திறந்தேன். அழிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அழித்துவிட்டால் தடயமும் இருக்காது, தௌஃபீக்கும் கேட்க மாட்டான். ஆனால் அழித்த மறுகணமே மூன்று லட்சம் பேர் முன்னால் அவள் வந்து நிற்பாள். அழகான பெண். நல்ல வேலை. ஒரு வாரத்தில் யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவான்.

நேரே அவளிடமே கேட்டுவிட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. டீ குடித்ததும் போய்விட்டது. அவள் 'இல்லை' என்றால் அப்புறம் யார் டீ கொண்டுவருவார்கள்?

திறந்ததை மூடிவிட்டேன். நாளை ஆடி முதல் தேதி. எப்படியும் நல்ல நாள் இல்லை.

ஜூலை 19, வெள்ளி

நகலில் புதுப் பதிப்பு ஏறிவிட்டது. ஒரு தடங்கலும் இல்லை. தௌஃபீக் நாள் பூராவும் என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான். புதுப் பாணியில் அந்தக் கட்டளையைத் திருத்தி எழுதலாம் என்றால் மூச்சுவிட இடமில்லை. அவன் மனைவிக்கு இன்னுமா வலி எடுக்கவில்லை?

ஜூலை 22, திங்கள்

இன்று சோதனை. முதல் மாடிப் பெண்கள் எல்லாரும் பழைய சர்வரிலும் புது நகலிலும் ஒரே தேடலைச் செய்து, இரண்டிலும் ஒரே ஆட்கள் வருகிறார்களா என்று ஒப்பிட வேண்டும். வேலையை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். பிரம்மசக்திக்கு ஆண்களின் பதிவுகள், அதுவும் நீலகிரி மாவட்டம். முன்யோசனைக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நீலகிரியில் எங்களுக்கு ஆளே குறைவு. பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். சும்மா இருந்தவள் விளையாட்டாகத் தன் வயது, தன் நட்சத்திரம், தன் ஊர் எல்லாம் போட்டுத் தேடியிருக்கிறாள்.

"ஏ, இங்க வாங்களேன்! புதுசுல நான் வாறேன்! பழசுல வரல்ல!"

பெண்கள் எல்லாரும் ஓடிப்போய்ச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி, "அக்காவுக்கு இது ராசியான சர்வரு" என்று கைதட்டினாள். சத்தம் கேட்டு வந்த அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியளா, ஆடியிலயும் நல்லது நடக்கும்" என்றார். நானும் சிரித்தேன்.

தௌஃபீக் மட்டும் சிரிக்கவில்லை. மேலே வந்து, பழைய சர்வரில் ஏன் வரவில்லை என்று தோண்ட ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் திரையை என் பக்கம் திருப்பினான். கட்டளை இருந்தது. எழுதியவர் இடத்தில் என் பெயர். எழுதிய தேதி, அவள் அப்பா பதிவு செய்த அதே வாரம்.

"அண்ணே, இது என்னது?"

"டெஸ்டிங்குக்கு எழுதினது பாய்."

"மூணு வருசமாவா டெஸ்டிங்?"

அவள் எங்கள் பின்னால்தான் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

அண்ணாச்சி அறையில் பஞ்சாயத்து. பிரம்மசக்தி, காலில் கட்டோடு அவள் அப்பா, தௌஃபீக், நான்.

அண்ணாச்சி முதலில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஏன் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. முப்பது வருஷமாகக் கல்யாணம் பேசியே பழகிய மனுஷன். சட்டென்று குரல் மாறிவிட்டது. கம்ப்யூட்டரைத் தட்டி, என் அம்மா எனக்காகப் பதிந்து வைத்திருந்த ஜாதகத்தையும் அவள் ஜாதகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஏ, ஏழு பொருத்தம் இருக்குய்யா!"

அறையின் காற்றே மாறிவிட்டது. சிவனணைஞ்ச பெருமாள் கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்திவைத்து, "தம்பிக்கு சொந்த வீடுதானா?" என்று கேட்டார்.

"சொந்த வீடுதான்" என்றேன். என் குரலில் சந்தோஷம் இருந்தது. மறைப்பானேன், உள்ளே மேளம் கொட்டியது. மூன்று வருஷமாக எனக்கு வராத தைரியத்தை அண்ணாச்சி ஒரே நிமிஷத்தில் செலவழித்து முடித்துவிட்டார்.

பிரம்மசக்தி எழுந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்குள்ள திருடன் பூந்து ஆம்புட்டுக்கிட்டாம்னா போலீசுக்குச் சொல்லுவீயளா, இல்ல, வீட்டுல பொண்ணு இருக்கு கட்டிக்கிடுன்னு தாம்பூலம் மாத்துவீயளா?"

அண்ணாச்சி, "அதில்லம்மா..." என்று இழுத்தார்.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "ஒங்க காலு இன்னும் ஆறல்ல. அதுக்குள்ள வீடு சொந்தமான்னு கேக்கீய." அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் என்னிடம். "சார், ஒங்களுக்குத் தைரியம் இல்ல. சரி, அது ஒங்க பாடு. அதுக்கு நான் எதுக்கு மூணு வருசம் ராசியில்லாதவளா இருந்தேன்? தெனமும் டீ கொண்டுவந்து ஒங்ககிட்டதான சொல்லி அழுதேன்? கேட்டுக்கிட்டுத்தான இருந்தீய?"

அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன.

அண்ணாச்சி சொன்னார்: "பாஸ்வேர்டு பூராவும் பாய்கிட்டக் குடுத்துரு. ஞாயித்துக்கிழம அப்டேட்டு முடியுத வரைக்கும் கேட்டதுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இரு. அன்னைக்கோட ஒன் வேல சரி." நாள்காட்டியைப் பார்க்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அது.

ஜூலை 25, வியாழன்

பாஸ்வேர்டுகளை எழுதிக் கொடுத்தேன். டீ வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

அப்டேட் நடந்தது. சர்வரை நிறுத்தி, ஏற்றி, எழுப்பி, மத்தியானத்துக்குள் முடித்துவிட்டான் தௌஃபீக். இத்தனை வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை. ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

மூன்று மணி வாக்கில் பிரம்மசக்தியும் அண்ணாச்சியும் வந்தார்கள். தன் பதிவை நீக்க வேண்டும் என்றாள்.

"இப்பத்தானம்மா வெளிய தெரிய ஆரம்பிச்சிருக்கு" என்றார் அண்ணாச்சி. "அதுக்குள்ள எத்தன பேரு விருப்பம் அனுப்பியிருக்கான் தெரியுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு வேணும்னா நானே பாத்துக்கிடுதேன். இனிமே எம்பேரு எந்தப் பொட்டிக்குள்ளயும் இருக்கப்படாது." என்னைக் காட்டினாள். "மறைச்சு வச்சவரே எடுக்கட்டும்."

தௌஃபீக் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டான். உட்கார்ந்தேன். அவள் பதிவு எண் எனக்கு மனப்பாடம். அடித்தேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

"என்ன வந்திருக்கு? வாசிங்க."

"ஒரு பதிவு நீக்கப்பட்டது."

"அண்ணாச்சிக்குக் கேக்கல்ல."

சத்தமாக வாசித்தேன்.

அவள் என்னை நம்பவில்லை. தௌஃபீக்கிடம், "நெசமாவே போயிட்டா பாய்?" என்று கேட்டாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "போயிட்டும்மா. பழைய பேக்கப்பு மட்டும் ஒரு மாசம் பூட்டுல இருக்கும். சாவி எங்கிட்டதான். பொறவு நானே அழிச்சிட்டு ஒங்களுக்குச் சொல்லுதேன்" என்றான். அவன் சொன்னதும் சரி என்று இறங்கிப் போய்விட்டாள். திட்டியதைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

ஜூலை 31, புதன்

வேலை போன காரணத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். இன்று காலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் திடீரென்று ஒரு தெளிவு.

"ஏல சுயம்பு. ஒனக்கும் நான் அதுல எழுதிப்போட்டு ரெண்டு வருசமாச்சுல்லா? ஒரு போனு வரல்ல. அந்தப் பிள்ளைய நீ மறைச்ச மாதிரி ஒன்னயும் எவனாச்சும் மறைச்சு வச்சிருப்பானோ?"

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"எப்படில அவ்வளவு உறுதியாச் சொல்லுத? பாத்துட்டுச் சொல்லேன்."

என் பழைய பாஸ்வேர்டைப் போட்டேன். அனுமதி இல்லை என்று வந்தது. யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த இன்னொரு வழியிலும் முயன்றேன். அதையும் தௌஃபீக் அடைத்துவிட்டான்.

அம்மா விடுவதாக இல்லை. பதிவு செய்யாதவர்களும் தேடிப் பார்ப்பதற்கு எங்கள் தளத்தில் ஒரு பக்கம் உண்டு. அவள் போனை வாங்கி அதைத் திறந்தேன். ஆண், திருநெல்வேலி மாவட்டம், முப்பத்தைந்துக்கு மேல் நாற்பதுக்குள், சொந்த வீடு. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தேடு என்பதை அழுத்தினேன்.

முதல் பக்கத்திலேயே இருந்தேன்.